கையின் அறிவும் கருவியின் அறிவும்

திருக்கோவிலிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் பாதையிலே, கடலின் இரைச்சல் எந்நேரமும் காதில் விழும் சிற்றூர் கோமாரி. அவ்வூரிலோ, வடக்கே அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை என நீளும் கரையோர ஊர்களிலோ வாழும் ஒரு பெண், குளிக்கும்போது தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதை உணர்கிறாள் எனக் கொள்க. அதனை முதலில் அறிவது வைத்தியருமல்லர், கருவியுமன்று, அவளுடைய விரலே. அறிந்தபின் அவள் செய்வது யாது? பெரும்பாலும் மறைத்து வைத்தலே. கணவனிடம் கூற நாணம், உம்மாவிடம் கூற அச்சம். ஆண் வைத்தியர் பார்ப்பாரே என்ற கூச்சம் ஒருபுறம், கத்தி வைத்துவிடுவார்களே என்ற நடுக்கம் மறுபுறம். பல மாதங்கள் கடந்தபின் அயல்வீட்டு மாமியிடமோ ராத்தாவிடமோ மெல்ல வாய் திறக்கும்போது, கேட்கப்படும் முதல் வினா எங்கும் ஒன்றே: “கல்லுப்போல இருக்கா, இல்லாட்டி அசையுதா?”

எழுத்தறியாத மூதாட்டி கேட்கும் அவ்வினா மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. இற்றைக்குப் பெரிய வைத்தியசாலைகளில் ‘மீள்தன்மைப் படம்’ எடுக்கும் கழியொலிக் கருவியும் அதே வினாவையே கேட்கிறது. கையறிந்த ஒன்றைக் கருவி கற்றுக்கொள்ள எத்துணைக் காலம் சென்றது என்பதே ஈண்டுக் கூறப்படும் வரலாறு.

1862ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு லக்சோர் நகரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பழைய பப்பிரசுச் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600ஆம் ஆண்டளவில், அதனினும் பழைய மூலமொன்றைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டது அச்சுருள். ஜேம்ஸ் பிரெஸ்டெட் என்னும் அறிஞர் அதனை மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டபோது, அஃது ஒரு சத்திரவைத்திய நூல் என்பது உலகுக்குத் தெளிவாயிற்று. அதிலே நாற்பத்தைந்தாவதாகக் கூறப்படும் நோய் மார்பிற் புடைத்தெழுந்த கட்டி. வைத்தியர் கைவைத்துப் பார்க்கவேண்டும்; காய்ச்சலின்றிக் குளிர்ந்திருப்பின், நீர் தேங்காதிருப்பின், பழுக்காத காயைத் தொட்டாற்போல வன்மையாயிருப்பின், அது கொடியது என்று அந்நூல் கூறுகிறது. இதற்குச் சிகிச்சை இல்லையென்றும் அந்நூலில் எழுதப்பட்டுள்ளது. பெயரறியாத அவ்வைத்தியரின் நேர்மை பாராட்டத்தக்கது.

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். அரபு வைத்தியமும் அப்பெயரையே தழுவிச் ‘சரத்தான்’ என்றது. அச்சொல்லுக்கும் நண்டென்பதே பொருள். கல்முனைப் பகுதி மக்கள் நன்கறிந்த யூனானி வைத்தியத்தின் பேராசான்களுள் ஒருவரான இப்னு சீனா, பதினோராம் நூற்றாண்டில் இயற்றிய ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் இதனைப்பற்றி எழுதியுள்ளார். அவருக்குச் சற்று முற்பட்டவர் ஸ்பெயின் தேசத்துக் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. சத்திரவைத்தியத்தின் தந்தையருள் ஒருவராக மதிக்கப்படும் அவரே, முற்றிப் பெருத்துவிட்ட புற்றைத் தாம் ஒருபோதும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்திய பிறரைக் கண்டதுமில்லை என்று எழுதிவைத்தார். சிறிதாயிருக்கையிலேயே வந்தாலன்றிப் பயனில்லை என்பதே அவர் கூற்றின் உட்பொருள். ஆனால் சிறிதாயிருக்கையில் அது புற்றா, வெறுங் கட்டியா என்று கையால் மட்டும் துணிவதெங்ஙனம்?

இவ்விடர் எத்துணைக் கொடியது என்பதற்கு ஓர் ஆங்கில நாவலாசிரியையின் வாழ்க்கை சான்றாகும். பிரான்சஸ் பேர்ணி என்னும் அப்பெண்மணிக்கு 1811ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி பாரிஸ் நகரில், நெப்போலியனின் படைச் சத்திரவைத்தியர் லாரே மார்பை அகற்றினார். உணர்வகற்றும் மருந்து மேலைநாட்டார் அறியாத காலம் அது. (ஜப்பானில் ஹனவோக்கா செய்ஷூ என்பார் 1804இலேயே மூலிகைக் கலவையால் ஒரு பெண்ணை உறங்கச் செய்து மார்புக் கட்டியை அறுத்திருந்தார், அச்செய்தி ஜப்பானுக்கு வெளியே அப்போது எட்டவில்லை.) தாம்பட்ட வேதனையைப் பேர்ணி பின்னர் தம் சகோதரிக்கு நீண்ட கடிதமாக எழுதினார். அதன்பின் அவர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து, 1840இல் முதுமையெய்தி மறைந்தார். அக்காலச் சிகிச்சையால் அத்துணைக் காலம் பிழைத்திருத்தல் அரிதாகலின், அஃது உண்மையிற் புற்றுநோய்தானா என்று பிற்கால ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். தீங்கற்ற கட்டிக்காக அவ்வளவு துன்பமா? இற்றைக்கு எவராலும் விடைகூற இயலாது.

தொட்டறிவதற்கும் ஒரு தடையிருந்தது, அது நாணம். 1816ஆம் ஆண்டில் பாரிஸில் லெனெக் என்னும் வைத்தியர், இளம்பெண் ஒருத்தியின் மார்பிற் காதுவைத்துக் கேட்கக் கூசிக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அச்சுருளே இதயத்துடிப்புமானியாக வளர்ந்தது. நாணம் வைத்தியத்துக்கு எப்போதும் பகையன்று, சிலபோது புதுமைக்குத் தாயுமாகும். நம் நாட்டில் 1847இல் யாழ்ப்பாணம் வந்திறங்கிய டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழிற் சத்திரவைத்தியம் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். பெண்களை ஆண் வைத்தியர் சோதித்தலிலிருந்த தயக்கத்தைக் கருதிப் பின்னர் 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை பெண்களுக்கென்றே திறக்கப்பட்டது. தமிழகத்தில் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறவாமல் உழைத்து, 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கினார். பன்னிரண்டு கட்டில்களோடு தொடங்கிய நிலையம் அது.

இதற்கிடையில் உடலின் உள்ளே காணும் கண் கிடைத்திருந்தது. 1895இல் றொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். பேர்லினைச் சேர்ந்த சலமோன் என்னும் சத்திரவைத்தியர் அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ மூவாயிரம் மார்புகளைக் கதிர்ப்படம் எடுத்து ஆராய்ந்து 1913இல் வெளியிட்டார். பின்னர் மார்புக் கதிர்ப்படம் பல நாடுகளிற் பரவி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆயினும் அதற்கொரு குறையுண்டு. இளம்பெண்களின் மார்பிலும், ஆசியப் பெண்கள் பலரின் மார்பிலும் சுரப்பியிழையம் செறிந்திருக்கும். அது படத்தில் வெண்மையாகத் தோன்றும்; புற்றும் வெண்மையாகவே தோன்றும். வெண்மணலில் வெண்சங்கைத் தேடுவது போன்ற வேலை அது.

ஆகவே ஒலியின் உதவி நாடப்பட்டது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். மார்பைச் சோதிக்கப் பயன்படும் கழியொலியோ விநாடிக்கு எழுபது இலட்சம் முதல் ஒன்றரைக் கோடி அதிர்வு வரை உடையது. கடலடியில் நீர்மூழ்கிகளைத் தேட வளர்க்கப்பட்ட எதிரொலி நுட்பத்தின் வழிவந்ததே இது. ஜோன் வைல்ட் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் இரண்டாம் உலகப்போரிலே லண்டன் குண்டுவீச்சிற் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தவர். போருக்குப்பின் அமெரிக்காவின் மினசோட்டாவிற் குடியேறினார். 1950களின் தொடக்கத்தில் அவரும் ஜோன் றீட் என்னும் பொறியியலாளரும் மார்புக் கட்டிகளின்மேல் கழியொலியைச் செலுத்தி, தீயனவும் அல்லாதனவும் வேறுவேறு விதமாக எதிரொலிப்பதைக் காட்டினர். எக்ஸ் கதிரில்லை, வலியில்லை, ஆடை முழுதும் களையவேண்டியதுமில்லை. ஜப்பானியர் இதனை ஆர்வத்தோடு தழுவினர். அந்நாட்டில் நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலான 72,998 பெண்களைக்கொண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்ப்படத்தோடு கழியொலியையும் சேர்த்தபோது புற்றைக் கண்டுபிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக உயர்ந்தது.

ஆனால் ஒரு சங்கடம் எஞ்சியது. கழியொலி பல கட்டிகளைக் கண்டுபிடித்தது. அவற்றிற் பெரும்பாலானவை தீங்கற்றவை. எவை தீயன என்றறிய ஊசியேற்றி இழையத்துண்டு எடுக்கவேண்டும். ஊசிக்கஞ்சி வராதொழிந்தோர் எத்தனை பேர்! வந்தபின்னும் முடிவு தெரியும்வரை உறக்கமின்றிக் கிடந்தோர் எத்தனை பேர்! கருவி உருவத்தைக் கண்டது, நிழலைக் கண்டது. ஆயினும் மூதாட்டியின் வினாவுக்கு மட்டும் விடை கூறவில்லை. கல்லா, அன்றா?

வன்மை மென்மைகளை அளக்கும் கணக்கு பௌதிகத்தில் முன்னரே இருந்தது. ஒரு பொருளை அழுத்தும்போது பரப்பின்மீது தாக்கும் விசை தகைப்பு. அதனாற் பொருள் சுருங்கும் விகிதம் விகாரம். தகைப்பை விகாரத்தால் வகுத்தாற் கிடைப்பது யங்கின் மட்டு என்பது உயர்வகுப்பு மாணவர் அறிந்ததே. தோமஸ் யங் அதனைப்பற்றி எழுதியது 1807இல். அவரும் ஒரு வைத்தியர் என்பதைப் பலர் அறியார். புற்று வளருமிடத்து நார்ப்பொருள் மிகுதியாகப் படிதலால் அவ்விழையம் இறுகுகிறது. அதன் மட்டு உயர்கிறது. எகிப்திய வைத்தியரின் விரல் உணர்ந்தது அதனையே.

1980களில் இதனைக் கருவியால் உணர முயன்றோர் பலர். றொச்செஸ்டர் நகரில் லேர்ணரும் பாக்கரும் இழையத்தை வெளியிலிருந்து அதிரச் செய்து பார்த்தனர். திருப்பம் வந்தது 1991இல். ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரில் ஜொனதன் ஓபியர் என்பாரும் அவர் கூட்டாளிகளும், மென்மையாக ஒருமுறை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எதிரொலிகளைப் பதிந்து ஒப்பிட்டனர். தயிர்ச்சட்டியில் ஒரு நெல்லிக்காய் மூழ்கிக் கிடப்பதாகக் கொள்க. மேலிருந்து மெல்ல அழுத்தினால் தயிர் நசியும், காய் நசியாது. எந்த இடம் நசிந்தது, எந்த இடம் நசியவில்லை என்பதைப் புள்ளி புள்ளியாகக் கணித்து அவர்கள் படமாக்கினர். அதற்கு ‘எலஸ்டோகிராபி’ என்று பெயரும் இட்டனர்.

1997இல் பிரையன் கரா முதலானோர் இதனை நோயாளரிடத்து மார்புக் கட்டிகளிற் பயன்படுத்தியபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. புற்றுக்கட்டிகள் சாதாரணக் கழியொலிப் படத்திற் காண்பதைவிட இப்புதிய படத்திற் பெரிதாகத் தோன்றின. தீங்கற்றவை அவ்வாறு தோன்றவில்லை. புற்று தன் எல்லையைக் கடந்து அயலிழையத்தையும் இறுகச் செய்துவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகாத அப்படையெடுப்பைக் கருவி காட்டிற்று.

ஜப்பானின் சுக்குபா நகர அறிஞர் இதனை வைத்தியர் எளிதிற் பயன்படுத்தும் நிலைக்குக் கொணர்ந்தனர். அவர்கள் ஐந்து படிகள் வகுத்தனர். கட்டி முழுதும் நன்றாக நசிந்தால் ஒன்று. இடையிடையே நசியாவிடின் இரண்டு. விளிம்பு நசிந்து நடு நசியாவிடின் மூன்று. கட்டி முழுதும் நசியாவிடின் நான்கு. சூழவுள்ள இழையமும் சேர்ந்து நசியாவிடின் ஐந்து. 2006இல் அவர்கள் 111 பெண்களின் கட்டிகளைப்பற்றி வெளியிட்ட முடிவின்படி, நான்கையும் ஐந்தையும் புற்றெனக் கொண்டால் 88 சதவீதம் சரியாக அமைந்தது.

இம்முறையிலும் ஒரு குறை இருந்தது. அழுத்துவது வைத்தியரின் கை. ஒருவர் கை மெல்லியது, மற்றொருவர் கை வலியது. பாரிஸ் நகரில் மத்தியாஸ் பின்க் என்னும் பௌதிகப் பேராசிரியரின் குழுவினர் கையையே விலக்கினர். கழியொலிக் கற்றையை இழையத்தினுள் குவித்து, அதன் தள்ளுவிசையால் ஒரு சிற்றலையை எழுப்பினர். குறுக்கே அசைந்து செல்லும் அவ்வலை விநாடிக்குச் சில மீற்றர் வேகத்தில் மட்டுமே செல்லும். கழியொலியோ விநாடிக்கு 1,540 மீற்றர் விரையும். ஆதலால் அலை ஊர்ந்து செல்வதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான படங்களாகப் பிடிக்க இயன்றது. குவியத்தை அவ்வலையினும் விரைவாக ஆழத்துக்கு நகர்த்தியபோது, அலைகள் கூடிக் கூம்பு வடிவாகத் திரண்டன. இது கோமாரிக் கடலில் மீன்பிடிப்போருக்குப் புதிதன்று. இயந்திர வள்ளம் அலையினும் விரைந்து ஓடும்போது பின்னே இருபுறமும் விரியும் நீர்க்கோடு அதே இயல்பினது. 2004இல் வெளியான இம்முறையில் வன்மை எண்ணாகவே கிடைத்தது: அலை விரைந்தோடினால் இழையம் வலியது, மெல்ல ஊர்ந்தால் மெலியது. வேகம் 5.2 மீற்றராயின் மட்டு 80 கிலோபஸ்கால் ஆகும்.

அந்த 80 என்னும் எண் பிற்பாடு புகழ்பெற்றது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 939 கட்டிகளைக்கொண்டு நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஐயம் குறைந்த வகுப்பைச் சேர்ந்த கட்டியின் மிகுவன்மை அவ்வளவைத் தாண்டாதாயின் ஊசியேற்றாமற் கண்காணிக்கலாம் என்ற விதி சோதிக்கப்பட்டது. தீங்கற்றதைத் தீங்கற்றதென்றே சொல்லும் திறன் ஏறத்தாழ 61 சதவீதத்திலிருந்து 78 சதவீதம் வரை உயர்ந்தது. 2013இல் அமெரிக்கக் கதிரியல் கல்லூரி தன் மார்புப் பட விளக்க முறையில் மென்மை, இடைநிலை, வன்மை என்னும் குறிப்புகளையும் சேர்த்துக்கொண்டது.

மூதாட்டியின் வினாவிற் பின்பாதி ஒன்றுண்டு: “அசையுதா?” இளம்பெண்களுக்கு உண்டாகும் தீங்கற்ற நார்க்கட்டி விரலுக்கு அகப்படாது நழுவும், புற்று வேரோடினாற்போலப் பற்றிநிற்கும். இப்பின்பாதியைக் கருவிக்குக் கற்பித்தோருள் ஒருவர் அருண் திட்டை. ஹியூஸ்டனில் ஓபியரோடு பணியாற்றிப் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியரானவர் அவர். அழுத்தும்போது கட்டியின் விளிம்பிலே இழையங்கள் ஒன்றன்மேலொன்று சரிகின்றனவா, ஒட்டிநிற்கின்றனவா என்பதைப் படத்திற் காணலாம் என்று அவரும் கூட்டாளிகளும் எழுதினர். கராவின் குழுவினர் திரட்டிய மார்புக் கட்டிப் பதிவுகளிலேயே அதனைச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வளவும் கேட்டபின் ஊசியை எறிந்துவிடலாம் என்று எவரும் எண்ணுதல் தவறு. எல்லாப் புற்றும் கல்லன்று. சளிப்பொருள் நிறைந்த புற்றுவகை மென்மையாகவே இருக்கும். எல்லாக் கல்லும் புற்றன்று. சுண்ணாம்பு படிந்த பழைய நார்க்கட்டி மிக வலியது. கருவியைத் தோலின்மேல் ஊன்றி அழுத்தினாலே கொழுப்பும் வன்மையாகத் தோன்றும். நிறத்திலோ பெருங்குழப்பம்: ஒரு கம்பனியின் கருவி வன்மையைச் சிவப்பாற் காட்டும், மற்றொன்று நீலத்தாற் காட்டும். விஞ்ஞானிகள் இவ்வளவு நுட்பத்தைக் கண்டும் ஒரு நிறத்துக்கு உடன்படவில்லை என்பது வேடிக்கையே. ஐயத்துக்குரிய கட்டிக்கு இறுதித் தீர்ப்பு இன்றும் ஊசியால் எடுத்த இழையத்தை உருப்பெருக்கியிற் காணும் நோயியல் நிபுணருடையதே. ஊசி தேவையில்லாத பலரை அதிலிருந்து விலக்குவதும், தேவையானவரைக் காலந்தாழ்த்தாது அனுப்புவதுமே இக்கருவியின் பணி. அஃதும் சிறு பணியன்று.

இக்கருவி வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும் என்பதில்லை. கட்டியுள்ள பெண் முதற்படியை ஏறினாலன்றி எக்கருவியும் அவளைக் காணாது. அந்த முதற்படி நம் நாட்டில் தொலைவிலில்லை. 1958இல் மகரகமவிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது; கிழக்கில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ்ச் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவமாதிடம் கேட்டால் நாளும் இடமும் தெரியவரும். முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு அங்கே மார்பு கையாற் சோதிக்கப்படும். தன் மார்பைத் தானே சோதிக்கும் முறையும் கற்பிக்கப்படும். ஐயமிருப்பின் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். கட்டணம் எதுவுமில்லை.